ஒன்பது நாள் அணைக்காமல் வைத்திருந்தேன்

அன்புள்ள சுகந்தி,

இன்று சனிக்கிழமை, மணி பத்து. பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் இருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் என் குசினியில், ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, நான் போட்டுவைத்த தேநீரை ஆறவிட்டு, தட்டச்சு செய்துகொண்டிருப்பாய். சமையலறைக்குக் குசினி, நாற்காலிக்குக் கதிரை, இரண்டும் உன் சொற்கள். பேசிப் பேசி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். எதற்கோ கீழே போனேன், எதற்கென்று மறந்து மேலே வந்தேன். "கொஞ்சம் உக்காரேன் விஜி, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்று குமார் சொல்லிவிட்டு நடக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

உட்கார்ந்தால் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிவருமே, அதுதான் பயம். சரி, உட்கார்ந்துவிட்டேன். சொல்லியும் விடுகிறேன். நீ அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் போன மடிக்கணினி அணைந்துவிட்டது. அதுவாக அணையவில்லை, என்னால்தான். உன் மகள் அபிக்கு நீ எழுதியது எல்லாம் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு மேலாக உன் குகனிடமும் சொல்லவில்லை, அபியிடமும் சொல்லவில்லை. அவர்கள் அழைத்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

அந்தக் கணினியை நீ கண்டெடுத்த நாளை நினைத்துக்கொள்கிறேன். ஹோம்புஷில் எங்கள் தெருவுக்குக் கவுன்சில் வண்டி வந்து பழைய சாமான்களை அள்ளும் வாரம். புல்தரையெங்கும் சோபாவும் மெத்தையும் கிடந்தன. பால் பெட்டி ஒன்றுக்குள், சுருட்டிய வயர்களுக்கு அடியில் அந்த மடிக்கணினி. நீ குனிந்து எடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை. பாட்டரியும் செத்துப்போயிருந்தது. "கழட்டிட்டுத்தான் வீசியிருக்காங்க. இத வெச்சு என்ன பண்றது சுகந்தி?" என்றேன்.

"அது இல்லாட்டில் என்ன? ஆள் உயிரோடைதானே இருக்கு" என்றாய். சாவிக்கொத்திலிருந்து நகத்தளவு பென் டிரைவ் ஒன்றைக் கழற்றிச் செருகினாய். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதிலிருந்த இயங்குதளம் ஓடத் தொடங்கித் திரை எழுந்துவிட்டது. "சின்ன லினக்ஸ். முழுக்க மிசினின்ரை நினைவுக்கு ஏறி நிண்டிடும். பிறகு இதைக் கழட்டினாலும் ஓடும், பாரும்." கழற்றியும் காட்டினாய். பென் டிரைவ் மறுபடி சாவிக்கொத்துக்குப் போனது. கணினி ஓடிக்கொண்டே இருந்தது.

நான் சிரித்தேன். ஒரு வங்கியின் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதைப் பதினேழு வருடமாகத் தொழிலாக வைத்திருப்பவள் நான். அலுவலகத்தில் என் கணினி விழிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். ஆனாலும் உன்னுடையதை விளையாட்டுச் சாமான் என்றேன். "அணைச்சா எல்லாம் போயிடுமே?" என்று குற்றம் கண்டுபிடித்தேன்.

"போகட்டும். ஒண்டும் மிஞ்சாது. அதுதான் இதிலை நல்ல விசயம்" என்றாய்.

அப்படிச் சொன்னதன் காரணத்தைப் பல மாதம் கழித்துத்தான் சொன்னாய். போர்க்காலத்து வன்னியில் நீ ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்தபோது, சோதனைச் சாவடி ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையிலிருந்த காகிதங்களைக் கிழித்துப் போடுவீர்களாம். "எழுத்து இருந்தால் கேள்வி இருக்கும், விஜி." அதற்கு மேல் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்தது மரியாதையாலா, பயத்தாலா?

அபி கேட்டாள். உன் தங்கை மலர் எப்படி இறந்தாள், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொல்லி ஒரு சனிக்கிழமை அந்தக் கதிரையில் உட்கார்ந்தாய். வீட்டில் எழுதினால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள் என்றாய். அபியும் என் நிலாவும் இரண்டு தெரு தள்ளித் தமிழ் படிக்கும் அந்த இரண்டரை மணி நேரம் உன்னுடையது. ஆறு மாதமாக எழுதினாய். எழுந்திருக்கும்போது உன் கண் சிவந்திருக்கும். நான் வெங்காயம் நறுக்கியதால் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவைப்பேன். என் புத்தி அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு நீயே கணினியை அணைத்துவிட்டு, அபியை ஏற்றிக்கொண்டு போய்விடுவாய்.

இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒருநாள் எங்கள் வாசலில் அபி தன் சப்பாத்தை விட்டுவிட்டு உன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். நீ போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு செருப்புக்கா இப்படி என்று மனதுக்குள் உன்னைக் கொஞ்சம் குறைத்து எடைபோட்டேன். மன்னித்துக்கொள்.

கடைசிச் சனிக்கிழமை நீ பதினொன்றரைக்கே எழுந்துவிட்டாய். மருத்துவமனைச் சமையல்கூடத்திலிருந்து போன் வந்தது. யாரோ வரவில்லை, உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாய்.

"விஜி, இதை நிப்பாட்டாதையும். இண்டைக்குப் பிள்ளை தகப்பனோடை நெட்பால் மேட்சுக்குப் போயிட்டுது. இதைச் சேமிச்சு வைக்க வேணும். இந்தக் குச்சியிலை இடமில்லை. நாளைக்கு வேலை முடிய வேறை ஒண்டு கொண்டு வாறன்."

"என்னோட டிரைவ் இருக்கே, எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம், உம்மடை வேலைச் சாமான். நிப்பாட்டாமல் விட்டால் போதும். போயிட்டு வாறன்."

மறுநாள் காலை பரமட்டா ரயில் நிலையத்தின் நடைமேடையில் விழுந்தாய். மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். நீ வேலை செய்த மருத்துவமனைக்கே நோயாளியாகப் போனாய். சாயங்காலம் நீ இல்லை.

என் குசினியில் உன் கணினி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரி செத்துப்போனது, சுவர் மின்சாரத்தில் மட்டும் உயிர் வாழ்வது. ஹார்ட் டிஸ்க் இல்லை, பென் டிரைவும் செருகியில்லை. உன் எழுத்து அந்த நேரத்து நினைவில் மட்டும் நின்றது. மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினால் போதும். பிளக் மேல் "தொடாதே" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். வாக்குவம் கிளீனரைச் செருக இடம் தேடி வந்த குமாரைப் பார்த்து நான் கத்திய கத்தலில் அவர் அதை அப்படியே போட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை இடி இடித்தது. அலுவலகத்தில் முக்கியமான கூட்டம். வயிற்று வலி என்று பொய் சொல்லி ரயில் ஏறி வந்துவிட்டேன். பிளக்குக்குப் பக்கத்திலேயே நின்றேன். நின்று என்ன செய்ய? மின்சாரம் போனால் கையால் பிடித்து நிறுத்தவா முடியும்?

திரையில் நீ எழுதியதன் கடைசிப் பகுதி தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வரிகள். திரை இருண்டால் மவுஸை லேசாக அசைத்துப் பார்ப்பேன். ஒரு வரிகூட மேலே நகர்த்திப் படிக்கவில்லை, அது அபிக்கு எழுதியது. ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்பதைப் படிக்காமல் எப்படி இருப்பேன்? மனப்பாடம் ஆகிவிட்டது. போனில் ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எல்லோரும் கேட்பார்கள். தோன்றவில்லை, சுகந்தி. சமைத்த சோற்றையெல்லாம் படம் எடுக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

உன் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், கணினியில் நீ எழுதிவைத்திருப்பதை என்ன செய்வது என்று குகனிடம் கேட்டேன். "எனக்கு உந்தக் கம்ப்யூட்டர் அலுவல் ஒண்டும் தெரியாது. பிள்ளைக்கு எழுதினதெண்டால் பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஏதோ ஒன்றை எதிர்பார்ப்பது தெரிந்தது. எழுத்தாக ஏதோ இருக்கிறது என்று அவர் அபியிடம் சொல்லியும் விட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் பென் டிரைவைச் செருகினேன். உன் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு தடவை கழற்றிச் செருகினேன். எப்படிச் செய்வது என்று தேடிப் பார்க்கலாம் என்று அந்தக் கணினியிலேயே பிரவுசரைத் திறந்தேன்.

என் போன் பக்கத்திலேயே கிடந்தது, சுகந்தி. அலுவலக மடிக்கணினி அடுத்த அறையில் இருந்தது. எல்லாம் ஓடுவது அதன் நினைவுக்குள்தான், அதுவும் கொஞ்சமே கொஞ்சம் என்று எனக்குத் தெரியாதா? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பே, பிரதி எடுக்காமல் எதையும் தொடாதே என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம். ஒரு பக்கம் திறந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. மவுஸ் அம்பு நின்றுவிட்டது. உன் வரிகள் இருந்த இடத்தை பிரவுசர் வெள்ளையாக மூடிக்கொண்டு அப்படியே உறைந்தது.

மதியம் வரை காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த விசை எல்லாவற்றையும் அழுத்தினேன். அதனிடம் கெஞ்சவும் செய்தேன். மூன்று மணிக்கு அதுவே கருப்பாகி, திரும்ப எழ முயன்று, எழுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி நின்றது. தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

கடைசி நாள் எழுதியதுதானே போனது, முந்தைய வாரங்கள் சாவிக்கொத்தில் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குகன் எங்கேயோ போயிருந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டு அன்ரியிடம் அவர் கொடுத்துவைத்திருந்த உன் சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றி வந்தேன். திருடிபோல. செருகினேன். சின்ன லினக்ஸ் எழுந்தது. நீ எழுதியது ஒரு வரி இல்லை. எந்தக் கோப்பின் தேதியும் மாறவில்லை, எல்லாம் அதை நீ உருவாக்கிய நாளின் தேதி. அணைக்கும்போது சேமிக்கவா என்று அது கேட்கும். ஆறு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், நீ வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறாய்.

அன்றுதான் உன்னை முதல் தடவையாக வாய்விட்டுத் திட்டினேன். என்னடி செய்துகொண்டிருந்தாய் என் குசினியில்? எழுதி எழுதி ஏன் அழித்தாய்? வேண்டும் என்று நீ சொன்னது ஒரே ஒரு நாள். அந்த நாளை நான்

வாசல் மணி அடிக்கிறது. குமார் சாவியை மறந்திருப்பார்.

மணி இரண்டு. குமார் இல்லை, வந்தது அபி. தமிழ்ப் பள்ளி இடைவேளையில் தனியாக நடந்து வந்திருக்கிறாள். உன் அந்தியேட்டி, அந்த முப்பத்தொராம் நாள் சடங்கு, இந்த வாரம்தான் முடிந்தது. அதன் பிறகு இன்றுதான் பள்ளிக்கே போயிருக்கிறாள். கதவைத் திறந்ததும் என் கண் அவள் காலுக்குத்தான் போனது. உன் செருப்பைப் போட்டிருந்தாள். அளவு கொஞ்சம் பெரிது.

"அன்ரி, அப்பா அடிக்க நீங்கள் ஏன் போன் எடுக்கேல்லை?" என்றாள். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை, உன்னைப் போலவே.

உள்ளே கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரவுசரைச் சொன்னேன், வீடியோவைச் சொன்னேன், உன் பென் டிரைவ் காலியாக இருந்ததையும் சொன்னேன். "அம்மா உனக்கு எழுதினது எல்லாம் என்னால போச்சு அபி. என்னை என்ன வேணா திட்டு" என்றேன்.

அவள் திட்டவில்லை. "இட்ஸ் ஓகே அன்ரி. அம்மா எனக்குச் சொன்னவா."

"என்ன சொன்னா?"

"எல்லாம். கார்லை. எவ்ரி சாட்டர்டே, கொஞ்சம் கொஞ்சமா. பரமட்டா ரோட்டிலை ட்ராஃபிக் எண்டால் இன்னும் கொஞ்சம் சொல்லுவா. அவவுக்கு நேரை சொல்ல வராது அன்ரி, அழுதிடுவா. அதாலை உங்கடை வீட்டிலை முதல்லை எழுதிப் பாத்து, அழுது முடிச்சிட்டு வந்து சொல்லுறன் எண்டவா. கார் ஓடேக்கை அழக் கூடாதெல்லோ."

அந்த வெங்காயத்தை நினைத்துக்கொண்டேன், சுகந்தி. ஜன்னலைத் திறந்துவைத்தேனே, அதை நினைத்துக்கொண்டேன்.

"லாஸ்ட் சாட்டர்டே மட்டும் நான் அம்மாவோடை வரேல்லை" என்றாள் அபி. "மேட்ச். அண்டைக்கு என்ன எழுதினவா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது நாள் படித்ததை, நீ எழுதியபடியே சொன்னேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்படைத்தேன் என்று நீ அறிய வேண்டும்.

"அண்டைக்குக் காலமை மலர் தண்ணி அள்ளப் போனவள். அவளின்ரை செருப்பு அறுந்துபோச்சு. என்ரை செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள். எனக்குக் கோவம். திருப்பிக் கொண்டுவந்து வையடி எண்டு பின்னாலை நிண்டு கத்தினனான். அவள் திரும்பிப் பாத்துச் சிரிச்சவள். ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ஷெல் விழுந்தது. அபி, என்ரை செருப்பைப் போட்டால் நான் ஏன் கத்திறனான் எண்டு எத்தினை தரம் கேட்டனி. இதுதான். இனி நீ அதைப் போட்டுக்கொண்டு போனால் நான்"

அபி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. அவள் கழற்ற மறந்திருந்தாள், நானும் சொல்லவில்லை.

"பிறகு?"

"அவ்வளவுதான். அங்க நின்னுடுச்சு. போன் வந்துச்சு, அம்மா எந்திரிச்சிட்டா."

"'நான்' எண்டதோடையோ?"

"ஆமா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள், சுகந்தி. கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தாள். "கத்துவா அன்ரி. ஷீ வுட் ஸ்டில் யெல். அப்பவும் கத்துவா."

இருவரும் சிரித்தோம், இருவரும் அழுதோம். ஆறிய இட்லியைச் சூடாக்கிக் கொடுத்தேன், நாலு சாப்பிட்டாள். குகனிடம் அவளே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். என் தப்பை நான்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு உன் வீட்டுக்குப் போகிறேன், பென் டிரைவையும் கையில் கொடுத்துவிட்டு வருவேன்.

அபி போனில் செய்தி அனுப்பியிருந்தாள், பன்னிரண்டு மணிக்குக் குகன் காரோடு கீழே வந்து ஹாரன் அடித்தார். அபி படி இறங்கினாள். உன் செருப்பு படியில் டப் டப் என்று அடித்துக்கொண்டே போனது. வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தால் திறக்கட்டும், எனக்கென்ன என்று கத்தினேன்.

"அபி! செருப்பத் திருப்பிக் கொண்டுவந்து வைடீ!"

அவள் பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். ஆனால் சும்மா போகவில்லை, பதில் சொன்னாள்.

"அடுத்த சாட்டர்டே கொண்டு வாறன், அன்ரி!"

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சுகந்தி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கதிரை அவளுக்காகக் காத்திருக்கும். போகும்போது நான் வாசலில் நின்று கத்துவேன், அவள் பதில் சொல்லும்வரை விடமாட்டேன்.

கடைசிவரை நீ "நீர்" என்றே கூப்பிட்ட, உன் கூடப்பிறக்காத அக்கா,
விஜி